‘பிள்ளைக்குக் கொடுக்கலாமா, கூடாதா?’: நெருக்கடி நேரத்தில் ஒரு நிறுவனம் என்ன செய்ய வேண்டும், எப்படிப் பேச வேண்டும்

2015 மே மாதக் கடைசியில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்த வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சுதான். மேகியில் ஈயம் இருக்கிறதாமே, இனிமேல் பிள்ளைக்குக் கொடுக்கலாமா, கூடாதா? நெஸ்லே இந்தியா அப்போது சொல்லிக்கொண்டிருந்த பதிலின் சாரம் இவ்வளவுதான்: எங்கள் பரிசோதனைகளின்படி பொருள் பாதுகாப்பானது, அதிகாரிகளுக்கு ஒத்துழைப்புத் தருகிறோம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் கேட்ட கேள்விக்கும் அந்தப் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை.

நிறுவனங்கள் நெருக்கடியில் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தங்களிடம் எந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறதோ அதற்குப் பதில் சொல்வார்கள். மக்கள் கேட்பது வேறாக இருக்கும். நெருக்கடி மேலாண்மை என்ற துறையின் பெரும்பகுதி இந்த இடைவெளியைச் சுருக்கும் வேலை என்றே நான் நினைக்கிறேன். அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எது நெருக்கடி?

ஒரு பேக்கரியில் அடுப்பு பழுதாகி அன்றைக்கு ரொட்டி போட முடியவில்லை என்றால் அது பிரச்சினை. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் முடிந்தது. அதே பேக்கரியின் பன்னைச் சாப்பிட்ட பத்துப் பிள்ளைகள் மருத்துவமனையில் என்று செய்தி வந்தால் அது நெருக்கடி. என்ன நடந்தது என்று இன்னும் தெரியாது, முடிவெடுக்க நேரமில்லை, வெளியே ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்ளும்போதுதான் அனுபவமுள்ள முதலாளிகளுக்குக்கூடக் கை கால் ஓடாமல் போகிறது.

அப்போது ஒரே சமயத்தில் இரண்டு வேலைகள் ஓட வேண்டும். ஒன்று, நடந்ததைச் சரிசெய்வது: விற்பனையை நிறுத்துவது, சரக்கைத் திரும்ப எடுப்பது, காயம்பட்டவர்களைக் கவனிப்பது, காரணத்தைத் தேடுவது. இன்னொன்று, அதைப் பற்றிப் பேசுவது. முதல் வேலைக்கு நாட்கள் ஆகும், சில சமயம் மாதங்கள் ஆகும். இரண்டாவது வேலை ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். ‘முழு விவரமும் கிடைத்த பிறகு பேசலாம்’ என்று காத்திருக்கும் நிறுவனம் முதல் வேலையின் வேகத்தில் இரண்டாவதைச் செய்யப் பார்க்கிறது. அதற்குள் வாட்ஸ்அப் குரூப்களில் கதை முழுசாக எழுதப்பட்டுவிடும்.

எல்லா நெருக்கடியிலும் யாரோ தப்பு செய்திருக்க வேண்டும் என்பதில்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில், ஊழியர்கள் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாததால், தி இந்து ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு ஒருநாள் அச்சாகவில்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகைக்கு அப்படி ஒரு நாள் அதுதான் முதல்முறை. இணையத்தில் செய்திகள் வந்துகொண்டுதான் இருந்தன. இங்கே யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியமில்லை. மாற்று வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்த வகையைத் தொழில் தொடர்ச்சித் திட்டம் என்று தனியாகவே படிக்கிறார்கள். இந்தக் கட்டுரை ‘இதற்கு யார் பொறுப்பு?’ என்று மக்கள் விரல் நீட்டும் வகையைப் பற்றியது.

மேகி: பொருள் தேறியது, பேச்சு தேறவில்லை

கதை 2014-இல் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் தொடங்குகிறது. அங்கே எடுத்த ஒரு மாதிரி முதலில் கோரக்பூர் ஆய்வகத்துக்குப் போனது. பாக்கெட்டில் ‘எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை’ என்று அச்சடித்திருக்க, சுவையைக் கூட்டச் சேர்க்கும் அந்த உப்பு உள்ளே இருப்பதாக முடிவு வந்தது. அதன்பிறகு கொல்கத்தா மத்திய ஆய்வகம் சோதித்தபோது ஈயம் பத்து லட்சத்தில் 17.2 பங்கு என்று சொன்னது. அனுமதிக்கப்பட்ட அளவு 2.5. இந்த முடிவு 2015 வசந்தத்தில் வெளியே வந்ததும் பற்றிக்கொண்டது.

எம்.எஸ்.ஜி. விஷயத்தில் நிறுவனத்தின் விளக்கம் இதுதான்: நாங்களாக எதையும் சேர்ப்பதில்லை, வெங்காயப் பொடி, கோதுமை மாவு போன்றவற்றில் குளுட்டமேட் இயல்பாகவே இருக்கும், சோதனையில் தெரிவது அதுதான். வேதியியல் வகுப்பில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். கடையில் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு, ‘இல்லை என்று போட்டிருக்கிறீர்கள், இருக்கிறது என்கிறார்கள்’ என்பது மட்டும்தான் கேட்கும். இதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. சட்டப்படி சரியாக இருக்கலாம் என்று அச்சடித்த ஒரு வாசகம், நெருக்கடி நாளில் நிறுவனத்துக்கு எதிரான சாட்சியாக மாறிவிட்டது.

ஈய விஷயம் அதைவிடப் பெரிது. அங்கே நிறுவனம் தன் ஆய்வக முடிவுகளை மட்டும் நம்பி, நிதானமாக, கொஞ்சம் மெதுவாகவே நடந்தது. ட்விட்டரில் பயந்துபோய்க் கேட்டவர்களுக்கெல்லாம் வார்த்தை மாறாமல் ஒரே பதில் போய்க்கொண்டிருந்தது. மாநில அரசுகள் ஒவ்வொன்றாகத் தடை போட்டன. ஜூன் 4 அன்று தமிழ்நாடு அரசும் மேகியோடு வேறு சில நூடுல்ஸ் வகைகளையும் மூன்று மாதத்துக்குத் தடை செய்தது. மறுநாள் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்கத் திரும்பப் பெறச் சொன்னது. அதே ஜூன் 5-இல் நெஸ்லேயின் உலகத் தலைமை அதிகாரி பால் புல்கே சுவிட்சர்லாந்திலிருந்து டெல்லிக்கு வந்து செய்தியாளர்களைச் சந்தித்தார். பொருள் பாதுகாப்பானதுதான், ஆனால் மக்களிடம் குழப்பம் இருப்பதால் திரும்பப் பெறுகிறோம் என்றார். பாதுகாப்பானது என்றால் ஏன் எடுக்கிறீர்கள் என்று யாருக்கும் தோன்றும். இரண்டு வாரத்துக்கு முன்பே, யாரும் கட்டாயப்படுத்தாமல், ‘எங்கள் சோதனையில் பிரச்சினை இல்லை, ஆனாலும் உங்கள் சந்தேகம் தீரும்வரை விற்பனையை நிறுத்துகிறோம்’ என்று இதையே சொல்லியிருந்தால் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கும். நேரம் தப்பினால் நல்ல முடிவும் வேறு வழியில்லாமல் எடுத்த முடிவாகத்தான் தெரியும்.

அதன்பிறகு நடந்தவற்றில் பாராட்ட வேண்டியவை உண்டு. முப்பதாயிரம் டன்னுக்கும் மேற்பட்ட நூடுல்ஸை நாட்டின் மூலை முடுக்கெல்லாம் இருந்த கடைகளிலிருந்து திரும்ப எடுத்து, சிமென்ட் ஆலை உலைகளில் எரித்தார்கள். அந்தக் காலாண்டில் நிறுவனத்துக்கு 64 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம். ஆகஸ்டில் சுரேஷ் நாராயணன் இந்தியப் பொறுப்புக்கு வந்தார். அதே மாதம் 13-ஆம் தேதி பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. நிறுவனத்தின் தரப்பைக் கேட்காமல் தடை போட்டது இயற்கை நீதிக்கு எதிரானது, சோதித்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்றது. அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் மறுபடி சோதிக்கச் சொன்னது. ஈயம் வரம்புக்குள்தான் இருந்தது. நவம்பரில் மேகி மறுபடி கடைக்கு வந்தது.

ஆக, ஆய்வகத்தில் நெஸ்லே சொன்னதுதான் கடைசியில் நின்றது. ஆனால் ஐந்து மாதம் சந்தையில் ஒரு பாக்கெட்கூட இல்லை. அரசு தரப்பில் 640 கோடி ரூபாய் கேட்டு தேசிய நுகர்வோர் ஆணையத்தில் போட்ட வழக்கு 2024-இல்தான் தள்ளுபடியானது. நம் பக்கம் உண்மை இருக்கிறது என்ற தைரியத்தில் அசட்டையாக இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் செலவு பிடித்த உதாரணம் இந்தியாவில் குறைவு.

கேட்பரி: முதலில் கடைக்காரர் மேல் பழி, பிறகு உறை மாற்றம்

2003 அக்டோபர், தீபாவளி நேரம். மும்பையில் டெய்ரி மில்க் சாக்லேட்டில் புழு இருப்பதாக மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது. கேட்பரியின் முதல் பதில், ஆலையிலிருந்து போகும்போது சுத்தமாகத்தான் போகிறது, கடைகளில் சரியாக வைக்காததால் வந்திருக்கும் என்பது. அது உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதிகாரிகள் உடனே, அப்படியானால் உங்கள் உறை ஏன் புழுவை உள்ளே விடுகிறது என்று திருப்பிக் கேட்டார்கள். போதாததற்கு, தினமும் உங்கள் பொருளை விற்றுக் கொடுக்கும் கடைக்காரரையே எதிரியாக்கியாயிற்று. வாடிக்கையாளர் ‘இது நல்லா இருக்குமா?’ என்று கேட்கும்போது பதில் சொல்ல அங்கே நிற்கப்போவது அவர்தானே.

பிறகு பாதையை மாற்றினார்கள். ‘விஸ்வாஸ்’ என்ற பெயரில் லட்சத்துக்கும் மேற்பட்ட கடைகளில் சாக்லேட் எப்படி வைக்கப்படுகிறது என்று பார்த்து, கடைக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 2004 தொடக்கத்தில், செலவு கூடினாலும் பரவாயில்லை என்று, வெப்பத்தால் ஒட்டி மூடும் புது உறைக்கு மாறினார்கள். அமிதாப் பச்சன் விளம்பரத்தில் வந்தது அதன்பிறகுதான். இந்த வரிசை முக்கியம். உறை மாறாமல் அமிதாப் மட்டும் வந்திருந்தால் அது வெறும் விளம்பரம். மாறிய உறையைக் கையில் வைத்துக்கொண்டு பேசியதால் அதற்குக் கனம் இருந்தது. நம்மூரில் பல நிறுவனங்கள் தலைகீழாகச் செய்கின்றன: நடிகரை முதலில் கூப்பிடுகின்றன, உறையை எப்போதும் மாற்றுவதில்லை.

யார் பொறுப்பு என்று பார்ப்பார்கள்

அமெரிக்கப் பேராசிரியர் டிமதி கூம்ப்ஸ் நெருக்கடிகளை மூன்றாகப் பிரிக்கிறார். நிறுவனமே பாதிக்கப்பட்டவராக இருப்பது, எதிர்பாராத விபத்து, தடுத்திருக்கக் கூடியது. மக்களின் கோபம் இந்த வரிசையில் ஏறிக்கொண்டே போகும், நிறுவனம் இறங்கி வர வேண்டிய அளவும் கூடும்.

மேலாண்மைப் பாடங்களில் அடிக்கடி வரும் டைலனால் கதை முதல் வகை. 1982-இல் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி மாத்திரை சாப்பிட்ட ஏழு பேர் இறந்தார்கள். கடைக்குப் போன பாட்டில்களில் யாரோ சயனைடு கலந்திருந்தார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்று, பிரித்தால் தெரிந்துவிடும் முத்திரையோடு மறுபடி கொண்டுவந்தது. நல்ல செயல்தான். ஆனால் அங்கே கொலைகாரன் வெளியே இருந்தான், மக்களின் பரிவு நிறுவனத்துக்கும் கொஞ்சம் கிடைத்தது. உங்கள் ஆலையில் வால்வைச் சரிபார்க்காததால் கசிவு ஏற்பட்டிருந்தால் டைலனாலைப் பார்த்து நடந்துகொள்ள முடியாது. அங்கே ‘நாங்களும் பாதிக்கப்பட்டோம்’ என்ற தொனி வந்தாலே தொலைந்தது. 2010-இல் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கிணறு வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்த பிறகு, பி.பி. நிறுவனத் தலைவர் டோனி ஹேவர்ட் ‘என் பழைய வாழ்க்கை எனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும்’ என்ற பொருளில் கேமரா முன் சொல்லிவிட்டார். மன்னிப்புக் கேட்டும் பயனில்லை. அதே ஆண்டு அவர் பதவியை விட வேண்டியதாயிற்று.

சாம்பாரில் பல்லி

பெரிய நிறுவனங்களின் கதை போதும். கற்பனையாக ஒரு நடுத்தர ஊரில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சைவ ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு குடும்பத்தின் சாம்பார் கிண்ணத்தில் பல்லி. அவர்கள் சப்ளையரைக் கூப்பிடுகிறார்கள், கூடவே ஒருவர் செல்போனில் வீடியோ எடுக்கிறார்.

இந்தக் கணத்தில் ஹோட்டலின் செய்தித் தொடர்பாளர் யார்? முதலாளி அல்ல, அந்த சப்ளையர்தான். அவரோ, கல்லாவில் இருப்பவரோ ‘நீங்களே போட்டிருப்பீங்க’ என்று சத்தம் போட்டால் முதல் வீடியோவைவிட அந்த இரண்டாவது வீடியோதான் ஊரெல்லாம் சுற்றும். ஆகவே பயிற்சி மேலாளருக்கு மட்டும் போதாது. சப்ளையர் கற்றுக்கொள்ள வேண்டியது மூன்று வாக்கியம்: மன்னிச்சிடுங்க, நீங்க சாப்பிட வேண்டாம், மேனேஜரைக் கூப்பிடுறேன்.

அடுத்து சமையலறை. அண்டாவில் மீதி இருக்கும் சாம்பாரை யாருக்கும் பரிமாறக் கூடாது. ஆனால் பதற்றத்தில் கொட்டிவிடவும் கூடாது, உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து மாதிரி கேட்பார். கொட்டிவிட்டால் மறைத்தார்கள் என்று ஆகிவிடும். சிசிடிவி பதிவும் அப்படித்தான். சாப்பிட்டவர்களை மருத்துவமனைக்கு அனுப்பி, கூடவே பொறுப்பான ஒருவர் போக வேண்டும். கையில் பணத்தைத் திணித்து வீடியோவை அழிக்கச் சொல்வது பழைய வழக்கம். அதையும் யாராவது வீடியோ எடுப்பார்கள்.

இனி அறிக்கை. பொதுவாக வருவது இப்படி இருக்கும்:

‘பல ஆண்டுகளாகப் பாரம்பரியத்தோடு சேவையாற்றி வரும் எங்கள் நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் நோக்கில் சில விஷமிகள் பரப்பும் வதந்திகளைப் பொதுமக்கள் நம்ப வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.’

இதைப் படிப்பவருக்கு என்ன தெரிகிறது? நிறுவனத்துக்குத் தன் பெயரைப் பற்றித்தான் கவலை என்று தெரிகிறது. மதியம் அங்கே சாப்பிட்டவர்கள் வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இதில் ஒரு வரிகூட இல்லை. அதற்குப் பதில் இப்படி எழுதலாம்:

‘இன்று மதியம் எங்கள் ஹோட்டலில் பரிமாறிய சாம்பாரில் பல்லி கிடந்ததாக வந்த வீடியோவைப் பார்த்தோம். அந்தக் குடும்பத்தினர் மருத்துவமனையில் பரிசோதனையில் இருக்கிறார்கள், எங்கள் மேலாளர் உடன் இருக்கிறார். பகல் 1.40-க்கே சாப்பாடு பரிமாறுவதை நிறுத்திவிட்டோம். எப்படி நடந்தது என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. உணவுப் பாதுகாப்புத் துறைக்குத் தகவல் சொல்லியிருக்கிறோம். இன்று மதியம் இங்கே சாப்பிட்ட யாருக்காவது வாந்தி, வயிற்றுவலி இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். இந்த எண்ணுக்கும் சொல்லுங்கள், செலவை நாங்கள் ஏற்கிறோம். இரவு 8 மணிக்கு அடுத்த தகவல் தருகிறோம்.’

தெரிந்தது, தெரியாதது, செய்துகொண்டிருப்பது, நீங்கள் செய்ய வேண்டியது, அடுத்து எப்போது பேசுவோம் என்ற ஐந்தும் இதில் இருக்கின்றன. ஊகம் எதுவும் இல்லை. ‘எப்படி என்று தெரியவில்லை’ என்று எழுத முதலாளிக்குக் கை நடுங்கும். ஆனால் மதியம் மேற்கூரையிலிருந்து விழுந்தது என்று சொல்லிவிட்டு, மாலையில் கீரைக்கட்டோடு வந்தது என்று மாற்றினால் அப்புறம் சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். இரவு 8 மணி என்று சொன்னால் 8 மணிக்குப் பேச வேண்டும், புதிதாக எதுவும் கிடைக்கவில்லை என்றாலும் அதையே சொல்லலாம்.

இந்த அறிக்கை பத்திரிகைக்குப் போகும் முன்பே சிலருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பம், ஹோட்டலின் ஊழியர்கள், அதிகாரிகள். ஊழியர்களைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். அன்று இரவு அவர்கள் வீட்டிலும் தெருவிலும் இதையேதான் கேட்பார்கள், ‘எனக்கே டிவியைப் பார்த்துத்தான் தெரியும்’ என்று ஒரு ஊழியர் சொன்னால் அதைவிட மோசமான விளம்பரம் கிடையாது. இன்னொரு சின்ன விஷயம், மாலை ஆறு மணிக்கு இன்ஸ்டாகிராமில் தானாகப் போகும்படி வைத்திருந்த ‘வார இறுதி மினி மீல்ஸ் ஆஃபர்’ பதிவை நிறுத்த மறக்கக் கூடாது. உலகப் பெரிய நிறுவனங்களும் சறுக்கும் இடம் இது.

வக்கீல் ‘மன்னிப்பு என்ற வார்த்தையே வேண்டாம், குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும்’ என்பார். அவர் கவலை நியாயமானது, கேட்க வேண்டும். ஆனால் ‘உங்களுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறோம்’ என்பதற்கும் ‘எங்கள் அலட்சியத்தால்தான் நடந்தது’ என்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. முதலாவதை அன்றே சொல்லலாம். இரண்டாவது, விசாரணை முடிந்து அது உண்மை என்று தெரிந்த பிறகு. வக்கீல் அறிக்கையைப் படித்துப் பார்க்கட்டும், எழுதுவது வேறு ஒருவராக இருக்கட்டும்.

அமைதியான நாளில் செய்ய வேண்டியவை

யார் பேசுவது, அவர் ஊரில் இல்லாவிட்டால் யார், விற்பனையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்ற மூன்றையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை முதலாளி குலதெய்வக் கோயிலில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை என்றால், மேலாளர் தானாகவே கடையை மூடலாமா? மூடினால் பிறகு திட்டு விழுமா? இதற்குப் பதில் தெளிவாக இல்லாத இடத்தில் எவ்வளவு அழகான திட்டமும் அலமாரியில்தான் இருக்கும்.

தொலைபேசி எண்களைத் தாளில் அச்சடித்து வைக்க வேண்டும். கணினியெல்லாம் ஹேக் ஆன நாளில் எண்கள் அந்தக் கணினிக்குள் பூட்டிக் கிடப்பது சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கும். இணையத் தாக்குதல் என்றால் இந்தியாவில் இன்னொரு கடிகாரமும் ஓடும். 2022-இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவின்படி, பட்டியலிட்ட வகைத் தாக்குதல்களைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். அந்த ஆறு மணி நேரத்தில் யாருக்கு மின்னஞ்சல் அனுப்புவது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

வருடத்துக்கு ஒருமுறையாவது ஒத்திகை பார்க்கலாம். செலவே இல்லை. டீ சொல்லிவிட்டு ஐந்தாறு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் ஆரம்பிக்கிறார்: ‘மணி நாலு, உள்ளூர் சேனலிலிருந்து போன், நம்ம லாரி பள்ளி வேனில் மோதியிருக்காம், என்ன சொல்றீங்க?’ அடுத்த பத்து நிமிடத்தில் டிரைவரின் உரிமம் எந்தக் கோப்பில் இருக்கிறது, காப்பீடு புதுப்பித்தாயிற்றா, அந்தப் பள்ளியின் எண் யாரிடம் இருக்கிறது என்ற கேள்விகளுக்கு யாரிடமும் பதில் இல்லை என்று தெரியவரும். தெரியாதவற்றை ஒருவர் எழுதிக்கொண்டே வர வேண்டும். மறுநாள் காலை அந்தத் தாளை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பெயரும் ஒரு தேதியும் போட வேண்டும்.